ஜன்னலுக்கு ஒரு காது

நவம்பர் 25, ஞாயிறு

தமிழம்மா எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். அரையாண்டு விடுமுறை முடிந்து வரும்போது, அகராதியில் இல்லாத, நம் ஊரில் மட்டும் புழங்கும் சொற்களைத் தொகுத்துக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் முனகினார்கள். எனக்கு அப்போதே வீட்டுக்கு ஓடி வந்து எழுத வேண்டும்போல இருந்தது.

முதல் சொல்: காது. இது உடம்பில் இருக்கும் காது அல்ல. இங்கே மேல்கானலில் குளிர்காலத்தில் கணப்புச் சட்டியில் கரி போட்டுப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொள்வோம். அப்போது ஜன்னல் பலகையை முழுதாகச் சாத்தக் கூடாது. நான்கு விரல் நுழையும் அளவு திறந்து வைக்க வேண்டும். அந்தத் திறப்புக்குப் பெயர்தான் காது. கரித்தணலில் புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடைத்த அறையில் அதோடு தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம். அம்மா படுக்கும் முன் தினமும் கேட்பாள்: "காது வச்சியாடி சுகந்தி?" மஞ்சள் காமாலையில் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்க வருபவர்களுக்கு இந்தச் சொல் தெரியாது. பாவம்.

டிசம்பர் 2, ஞாயிறு

இன்று குடைமிளகாய் விதை போட்டோம். போட்டது அவர்; நான் தட்டு எடுத்துக் கொடுத்தேன்.

அவர் என்றால் பஞ்சவர்ணம். அப்பா சித்திரையில் கல்யாணம் செய்து அழைத்து வந்தவர். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர். "சித்தின்னு கூப்பிடு" என்று அப்பா இரண்டு முறை சொன்னார். நான் "இந்தாங்க" என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். "இந்தாங்க, அப்பா கூப்பிடுறார்." "இந்தாங்க, பால் பொங்குது." தமிழில் இது மிகவும் வசதியான சொல். எந்த உறவும் இதில் இல்லை.

விதை போடுவதைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்புக் குழித்தட்டுகளில் தேங்காய் நார்த்தூளை நனைத்து நிரப்பி, ஒவ்வொரு குழியிலும் விரல் நுனியால் ஒரு பள்ளம். அதில் ஒரே ஒரு விதை.

"ஒரு குழிக்கு ஒரு வெததான் கண்ணு. ரெண்டு போட்டா ரெண்டும் அடிச்சுக்கிட்டு ரெண்டுமே நோஞ்சானாப் போயிரும்."

இதை எனக்காகச் சொன்னாரா, விதைக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வேலாயி அத்தை வேலியோரம் நின்று பார்த்தது. எங்கள் ஊரில் எல்லோரும் குடைமிளகாய் நாற்றைக் கீழேயிருந்து வாங்கி வந்துதான் நடுவார்கள். மார்கழிக் குளிரில் விதையிலிருந்து எடுத்தவர் கிடையாது.

"ஏம்மா பஞ்சவர்ணம், வெதைக்கும் ஒரு சொட்டர் பின்னிப் போட்டு விடேன்."

"நீங்க பின்னிக் குடுங்க மதினி, நான் போட்டு விடுறேன்" என்றார் அவர்.

வேலாயி அத்தை சிரித்தாலும் போகும்போது என் காதுபடச் சொல்லிவிட்டுத்தான் போனது: "கீழ்நாட்டுக்காரி கைக்கு மலை மண்ணு பேசாதுடி."

அவர் காதிலும் விழுந்திருக்கும். குனிந்து விதை போட்டுக்கொண்டே இருந்தார். அப்பா குத்தகைக்கு எடுத்த பசுமைக்குடில் ஒரு போகம் முழுவதும் சும்மா கிடந்துவிட்டது. தை முடிவதற்குள் அதில் பயிர் ஏறாவிட்டால் குடிலுக்குச் சொந்தக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். இந்த வருஷம் கீழே நாற்றும் கிடைக்கவில்லை. "நான் எடுத்துத் தர்றேன்" என்று அப்பாவிடம் சொன்னது அவர்தான்.

சொல்: மூட்டம். இது எங்கள் ஊர்ச் சொல் அல்ல, அவருடையது. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி, சூடு ஏற வைப்பதற்கு மூட்டம் என்கிறார். வாழைத்தாரைப் பழுக்க வைக்கவும் இப்படித்தான் எல்லாப் பக்கமும் அடைத்து மூட்டம் போடுவார்களாம். "சந்து விட்டா மூட்டம் போச்சு" என்றார்.

டிசம்பர் 6, வியாழன்

முளைக்கவில்லை. தினமும் தாளைப் பிரித்துப் பார்க்கிறார். நானும் அவர் இல்லாதபோது போய்ப் பார்க்கிறேன். அறிவியல் புத்தகத்தில் முளைப்பதற்கு நீர், காற்று, தகுந்த வெப்பம் மூன்றும் வேண்டும் என்று இருக்கிறது. எங்களிடம் முதல் இரண்டும் தாராளமாக இருக்கின்றன.

டிசம்பர் 9, ஞாயிறு

வானொலியில் புயல் என்றார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அறுத்து வைத்த கேரட் கெட்டுவிடும் என்று அப்பா காலையிலேயே லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கினார். நாளைக்கே திரும்பிவிடுவாராம்.

டிசம்பர் 10, திங்கள்

இப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. யூகலிப்டஸ் மரங்கள் வேரோடு படுத்தன. மத்தியானம் பசுமைக்குடிலின் கூரைத் தாள் கிழிந்து, கொடியில் காயும் வேட்டிபோல அடித்துக்கொண்டது.

அவர் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு ஓடினார். "தட்டு, தட்டு! ஓடியா கண்ணு!" நானும் ஓடினேன். மழை பக்கவாட்டில் அடித்தது. ஒவ்வொரு தட்டாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் கொண்டு வந்தோம். கடைசித் தட்டோடு அவர் முற்றத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். தட்டு மட்டும் இரண்டு கையிலும் உயரே நின்றது.

"நான் உடைஞ்சா உங்கப்பா கட்டுப் போட்டு விடுவாரு. இது உடைஞ்சா?" என்று சேற்றில் உட்கார்ந்தபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிக்கொண்டேன்.

தட்டுகளை விதை உருளைக்கிழங்கு வைக்கும் கிழங்கு அறையில் அடுக்கினோம். சின்ன அறை, ஒரே ஜன்னல். கிழங்கு இப்போது இல்லை. மின்சாரமும் இல்லை.

டிசம்பர் 11, செவ்வாய்

மண் சரிந்து மலைச்சாலை மூடிக்கிடக்கிறதாம். அப்பா கீழேயே மாட்டிக்கொண்டார். சாயங்காலம் எப்படியோ ஒருமுறை சிக்னல் கிடைத்து அழைத்தார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் பிடித்தார். பாதிக் குரல் காற்றில் போயிற்று.

"ரோடு சரியாக நாளாகும்... பிள்ளையப் பாத்துக்க... தணல் வச்சா காது வச்சுக்க பஞ்சு, மறந்துராத... காது..."

"வச்சுக்கறேன், வச்சுக்கறேன். நீங்க பத்திரமா இருங்க. சாப்ட்டீங்களா?"

அதற்குள் அறுந்துவிட்டது. போனைப் புடவையில் துடைத்துக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "பாத்தியா உங்கப்பாவ? அங்க மாட்டிக்கிட்டும் நம்மளக் காவக் காக்கச் சொல்றாரு. காட்டுமாடு வந்தா இந்தக் காதுக்குக் கேக்காமப் போயிருமாக்கும்?" என்று தன் கம்மலைச் சுண்டிக் காட்டினார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். தமிழம்மாவிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு சொல் மலையை விட்டு இறங்கினால் பொருளே மாறிவிடுகிறது!

அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா வீட்டில் இருந்தால் ஜன்னல் அப்பாவின் வேலை. ஐப்பசியில் ஒரு தடவை இவர் "எதுக்கு இது தொறந்து கெடக்கு" என்று சாத்தினார். அப்பா எழுந்து போய் மறுபடி திறந்துவிட்டு வந்து படுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அப்படித்தான். காற்று இல்லாமல் தூக்கம் வராத மனுஷன் என்று இவர் நினைத்திருப்பார்.

தட்டுகளுக்குச் சூடு வேண்டும் என்று கிழங்கு அறையில் கணப்புச் சட்டி வைத்திருக்கிறார். தணல் அவியாமல் பார்த்துக்கொள்ள அங்கேயே படுத்துக்கொள்கிறாராம். "நீயும் வர்றியா கண்ணு, கதகதன்னு இருக்கு" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சொல்லலாம் என்று எழுந்தேன். எப்படிக் கூப்பிட்டுச் சொல்வது என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விட்டது. கிழங்கு அறை ஜன்னல் பலகை எப்படியும் சரியாகப் பொருந்தாது. கதவுக்கு அடியிலும் சந்து இருக்கிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

டிசம்பர் 12, புதன்

மழை. கஞ்சி, துவையல். அவருக்குத் தலைவலி. காலையில் வாந்தி எடுத்தார். "இந்த மலைக்குளிரு நம்ம ஒடம்புக்கு ஆகமாட்டேங்குது" என்று நெற்றியில் சுக்கு அரைத்துப் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் தெளிந்து, கரி உடைக்கப் போய்விட்டார்.

விறகு எடுக்க வீட்டின் பின்பக்கம் போனபோது பார்த்தேன். கிழங்கு அறை ஜன்னல் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ளேயிருந்து சாக்கு திணித்திருக்கிறது.

கதவுக்கு அடியில் சந்து இருக்கிறது.

சாயங்காலம் அவர் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தார். இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "இந்தாங்க" என்றேன். "என்ன கண்ணு?" என்று முகம் முழுதும் மலர்ந்து திரும்பினார். நானாக வந்து பேசியதே இல்லை அல்லவா? அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. "தண்ணி" என்றேன். தண்ணீர் கொடுத்தார்.

டிசம்பர் 13, வியாழன்

அம்மாவின் கம்பளி. பழுப்பு நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. கூடத்து ஆணியில்தான் எப்போதும் தொங்கும். யாரும் போர்த்துவதில்லை. இன்று ஆணி வெறுமையாக இருந்தது.

கிழங்கு அறைக் கதவுக்கு அடியில் அதைச் சுருட்டி அணை கட்டியிருக்கிறார்.

"அது எங்கம்மாவோடது" என்றேன்.

"தெரியும் கண்ணு. வேற கனமாத் துணி இல்ல, எல்லாம் நனைஞ்சு கெடக்கு. இன்னிக்கு ஒரு ராத்திரிதான். அந்தச் சந்துல வர்ற காத்துலதான் கீழ்த்தட்டு ஜில்லுனு இருக்கு. காலையில ஒதறி மடிச்சு அதே ஆணில போட்டுர்றேன்." பிறகு என் கையைப் பிடித்தார். "ஒரு வெத வாயத் தொறந்திருக்குடி. வெள்ளையா மூக்கு நீட்டியிருக்கு. வந்து பாரேன்."

கையை உதறினேன். போய்ப் பார்க்கவில்லை.

கம்பளியைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் பேச வேண்டி வரும். இன்று அவரிடம் எதுவும் பேசப் போவதில்லை. என் அறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 14, வெள்ளி

குடைமிளகாய் முளைத்துவிட்டது.

டிசம்பர் 15, சனி

மழை நின்றுவிட்டது. வெயில் வந்தது.

டிசம்பர் 17, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

வெள்ளி காலை அடுப்படியில் சத்தமில்லை. கோழிகள் கூட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தன. நானே திறந்து விட்டேன். பிறகு கிழங்கு அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினேன். என்ன சொல்லித் தட்டுவது? "இந்தாங்க" என்றேன். "இந்தாங்க, இந்தாங்க, விடிஞ்சிருச்சு." கத்திக்கூடச் சொன்னேன். கத்துவதற்கு ஏற்ற சொல் அல்ல அது.

வேலாயி அத்தை கடப்பாரையோடு வந்து தாழை நெம்பியது. கதவைத் தள்ளினால் கம்பளி தடுத்தது. மூச்சுப் பிடித்துத் தள்ளினோம். அத்தை முதலில் ஜன்னலுக்குத்தான் பாய்ந்தது. சாக்கை உருவி எறிந்தது. "அடிப்பாவி, அடிப்பாவி, காதை அடைச்சிட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டது.

அவர் தட்டுகளைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் சிவந்து, நல்ல தூக்கத்தில் இருப்பவர்போல இருந்தார். காலும் கையும் ஜில்லென்று இருந்தன. வெளியே தூக்கிப் போட்டு அத்தை கன்னத்தில் அறைந்தது, மாரில் அமுக்கியது. செவிலியர் அக்கா மண்சரிவைச் சுற்றி நடந்தே வந்து பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை எடுத்து அவர் முகத்தில் போட்டார்.

தட்டுகளில் எல்லாக் குழியிலும் வளைந்த கழுத்துகள். தோலைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை.

டிசம்பர் 19, புதன்

பாதை திறந்துவிட்டார்கள். அப்பாவும், பஞ்சவர்ணத்தின் அண்ணன் தங்கவேலு மாமாவும் ஒன்றாக வந்தார்கள். உடலை அதுவரை பஞ்சாயத்துக் கட்டிடத்தில் வைத்திருந்தார்கள். இந்தக் குளிரில் அது ஒரு வசதி என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா பேசினார். அழவில்லை. கோபமாகப் பேசினார். "போன்ல தலப்பாடா அடிச்சுக்கிட்டேன் மச்சான். காது வையி, காது வையின்னு. வச்சுக்கறேன்னா. வைக்கல."

தங்கவேலு மாமா விளங்காமல் பார்த்தார். "காது வச்சு என்னங்க மாப்ள பண்றது? தணல்ல என்ன சத்தமா வரும், கேட்டு முழிக்கிறதுக்கு?"

வேலாயி அத்தைதான் மெதுவாகச் சொன்னது: "ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வைக்கிறதத்தான் இங்க காதுன்னு சொல்வோம் தம்பி."

மாமா அத்தையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அது எங்க ஊருப் பிள்ளைக்கு எப்படிங்க தெரியும்?"

அப்பாவின் முகம் மாறியது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ பக்கத்துலதானே இருந்த? உனக்குத் தெரியுமில்ல? நீ சொல்லலையா?"

"சொன்னேன்பா" என்றேன்.

"சொல்லியுமா அடைச்சா?" மாமா தோள்துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். "சின்னதுலருந்தே பிடிவாதம். ஒருத்தர் சொன்னாக் கேக்க மாட்டா. கழுத. கழுத."

டிசம்பர் 24, திங்கள்

நாற்றுகளுக்கு வெளிச்சம் வேண்டும். குடிலுக்குப் புதுத் தாள் போட்டாயிற்று. பகலில் தட்டுகளை வெளியே வைத்து, பனி இறங்கும் முன் உள்ளே எடுத்து வருகிறேன். அப்பா அவற்றைப் பார்ப்பதில்லை.

கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழ்நாட்டுக்காரி பிடிவாதக்காரி, அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்கலையாம். என்னைக் கண்டதும் ஒருத்தி என் தலையைத் தடவிவிட்டாள்.

ஜனவரி 4, வெள்ளி

சொற்களைத் தமிழம்மாவிடம் கொடுத்தேன். முதல் சொல்லைச் சேர்க்கவில்லை. மூட்டத்தையும் சேர்க்கவில்லை. ஆனால் முத்துச்செல்வி காதை எழுதியிருந்தாள். தமிழம்மா அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, "எவ்வளவு அழகான சொல் பாருங்கள், ஜன்னலுக்கு ஒரு காது" என்றார். பிறகு என் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று அழித்தார்.

ஜனவரி 5, சனி

உறைபனி. கம்பளி மறுபடி ஆணியில் தொங்குகிறது. வேலாயி அத்தைதான் உதறி மாட்டியிருக்க வேண்டும்.

ஜனவரி 27, ஞாயிறு

இன்று நட்டோம். நாற்றுகள் ஒரு சாண் உயரம், தடித்த தண்டு, கரும்பச்சை இலை. வேலாயி அத்தை ஒன்றைத் தட்டிலிருந்து உருவி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வெள்ளை வேர் குழியின் அச்சிலேயே பின்னியிருந்தது. "பேசிருச்சேடி" என்றது. "மண்ணு அவ கைக்குப் பேசிருச்சே." மூக்கைச் சிந்திக்கொண்டே போய்விட்டது.

நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அப்பா குழி தோண்டிக்கொண்டே போனார். நான் ஒரு குழிக்கு ஒரு நாற்றாக வைத்துக்கொண்டே வந்தேன். பாதிப் பாத்தியில் கை நின்றுவிட்டது.

"அப்பா. சித்திக்கு அந்தச் சொல் தெரியாது."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். சித்தி.

"அன்னிக்கு போன் வச்சதுமே எனக்குத் தெரியும், அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு. காட்டுமாடுன்னு நெனச்சுக்கிட்டாங்க. நான் சொல்லல. சாக்கு அடைச்சதையும் பாத்தேன். சொன்னேன்னு சொன்னது பொய்."

அப்பா நிமிரவில்லை. களைக்கொத்து மண்ணில் இறங்கியது, எழுந்தது, இறங்கியது. பாத்தியின் கடைசி வரைக்கும் தோண்டிவிட்டு அங்கேயே எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தார். குடிலின் தாளில் வெயில் மஞ்சளாக இருந்தது. நான் மீதி நாற்றுகளை நட்டு முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தண்ணீர் விட்ட பிறகுதான் பேசினார்.

"நான் சன்னல்னே சொல்லியிருக்கலாம். ஒரு வாட்டி எந்திரிச்சுப் போயித் தொறந்தேன் பாரு, அப்பவாவது ஏன்னு சொல்லியிருக்கலாம்." களைக்கொத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "தங்கவேலு, தங்கச்சியக் கழுதன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். ஊருல போயும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருப்பான். நாளைக்கு போன் போட்டுத் தர்றேன். நீயே சொல்லணும்."

ஜனவரி 28, திங்கள்

பள்ளிக்குப் போகும் முன் அப்பா சித்தியின் போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். ஸ்பீக்கரில் போடவில்லை.

"சொல்லுங்க மாப்ள" என்றார் மாமா. பின்னால் சந்தை இரைச்சல்.

"மாமா, நான் சுகந்தி."

"என்ன சாமி? நாத்து நட்டாச்சா? எப்படி வந்திருக்கு?"

"எல்லாம் வந்திருக்கு மாமா. ஒண்ணுகூடத் தவறல."

எதிர்முனையில் அவர் ஏதோ ஒரு கடைக்குள் ஒதுங்கினார் போலிருக்கிறது, இரைச்சல் குறைந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"மாமா, எங்க ஊர்ல காதுன்னு ஒரு சொல் இருக்கு" என்று ஆரம்பித்தேன். முதலில் அதன் பொருளைச் சொன்னேன்.